ஆறாவது தந்தியைக் கழற்றிய கிதார்: ஓப்பன் ஜி சுதியில் எங்கள் அனுபவங்கள்

ராக் கிதாரை ஐந்து தந்திகளோடு வாசிப்பது என்றாலே ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். 1960களின் இறுதியில் அந்தக் குழுவின் ஒலிப்பதிவுகளுக்கு வந்த அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடரிடமிருந்து ஓப்பன் ஜி சுதியை (விரலே வைக்காமல் மீட்டினாலும் ஜி மேஜர் கார்டு, அதாவது ஜி-யை ஷட்ஜமாகக் கொண்ட சுரக்கூட்டு, ஒலிக்கும் சுதி)த் தாம் எடுத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு அதிலிருந்து அடித்தந்தியான ஆறாவதையும் கழற்றிவிட்டார். 1969இல் வெளிவந்த 'ஹாங்கி டாங்க் விமன்', 1971இன் 'பிரவுன் ஷுகர்', 1981இன் 'ஸ்டார்ட் மீ அப்' ஆகியவற்றின் ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் கிதார் வரிகள்) எல்லாம் இந்தச் சுதியில் பிறந்தவை. வழக்கமான சுதியில் இவற்றை மேடையில் பல ஆண்டுகள் வாசித்திருக்கிறேன். சுரங்களில் குறை இருக்காது. ஆனால் இசைத்தட்டில் கேட்கும் அந்த நடை மட்டும் கைக்கு வராது.

சுதி மாற்றுவது பெரிய வேலை இல்லை. நடுவிலுள்ள டி, ஜி, பி என்ற மூன்று தந்திகளும் இருந்தபடியே இருக்க, ஐந்தாவதை ஏ-யிலிருந்து ஜி-க்கும் முதலாவதை ஈ-யிலிருந்து டி-க்கும் இறக்கினால் போதும். ஆறாவதையும் டி-க்கு இறக்கி வைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் அந்த டி, ஜி கார்டின் ஷட்ஜம் அன்று, பஞ்சமம். ஆறு தந்திகளையும் சேர்த்து வீசும்போது பஞ்சமம் அடியில் நின்றுகொண்டு கார்டை நிலைகொள்ள விடுவதில்லை. அந்தத் தந்தியைக் கழற்றியதும் ஷட்ஜம் அடிக்கு வந்துவிடுகிறது. வலது கை எவ்வளவு வேகமாக இறங்கினாலும் வேண்டாத தந்தியில் படுமோ என்ற தயக்கம் இல்லை.

உண்மையான மாற்றம் இடது கையில்தான் நிகழ்கிறது. ஆட்காட்டி விரலை ஐந்தாம் ஃப்ரெட்டில் (வீணையின் மெட்டு போன்றது) குறுக்காகப் படுக்க வைத்தால் சி மேஜர் கிடைக்கும். அந்த விரலை எடுக்காமலேயே, நடுவிரலை இரண்டாம் தந்தியின் ஆறாம் ஃப்ரெட்டிலும் மோதிர விரலை நான்காம் தந்தியின் ஏழாம் ஃப்ரெட்டிலும் வைத்தால், அடியில் சி ஒலித்துக்கொண்டே இருக்க, மேலே எஃப் மேஜர் வந்து உட்காரும். இந்த இரண்டு விரல்களையும் வைப்பதும் எடுப்பதும்தான் 'ஸ்டார்ட் மீ அப்' ரிஃபின் உயிர். வழக்கமான சுதியில் சி-யிலிருந்து எஃப்-க்குப் போக முழுக் கையையும் பெயர்க்க வேண்டும். அந்த இடைவெளியில் ஒலி அறுந்துவிடும். இங்கே மற்றத் தந்திகள் அறுபடாமல் ஒலிப்பதால் இரண்டு கார்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. முதல் தந்தியிலுள்ள ஜி, எஃப் கார்டில் சேராத சுரம். அதைத் தவிர்ப்பவர்களும் உண்டு, லேசாகச் சேர்ப்பவர்களும் உண்டு. எனக்கு அது லேசாக உரசும்போதுதான் ரிஃப் முழுமையாகக் கேட்கிறது.

இறக்கிய தந்திகளின் இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், ஐந்தாவதற்கும் முதலாவதற்கும் ஒரு படி தடித்த தந்தி போடுவது நல்லது. மைனர் கார்டுகள் இந்தச் சுதியில் எளிதில் வசப்படுவதில்லை. அதனால் மெல்லிசைக் கச்சேரிகளுக்கு இந்தக் கிதாரை நான் எடுத்துச் செல்வதில்லை.

வீணை பயின்ற ஓர் உறுப்பினரின் மறுமொழி

தாங்கள் குறிப்பிட்ட ஜி, டி, ஜி, பி, டி என்பதை நம் முறையில் சொன்னால் ஸ, ப, ஸ, க, ப. அந்தக் காந்தாரம் அந்தர காந்தாரம். தம்புராவைச் சரியாகச் சேர்த்தால் ஷட்ஜத் தந்தியிலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரம், கிதார் டியூனர் காட்டும் பி-யைவிட 14 செண்ட் (ஓர் அரைச்சுர இடைவெளியின் நூறில் ஒரு பங்கு ஒரு செண்ட்) தாழ்ந்தது. என் கிதாரில் இரண்டாம் தந்தியைக் காதால் கேட்டு அந்த அளவுக்கு இறக்கியபோது, விரலே வைக்காமல் மீட்டிய கார்டு அப்படியே ஒன்றிக் கலந்தது. சிக்கல் தாங்கள் சொன்ன எஃப் பிடியில்தான் வந்தது. அங்கே அதே இரண்டாம் தந்திதான் எஃப்-இன் ஷட்ஜத்தை ஏந்துகிறது. தாழ்ந்த காந்தாரம் தாழ்ந்த ஷட்ஜமாக மாறிக் காதை உறுத்துகிறது. நெடுநேரம் முயன்று பார்த்த பின், டியூனர் காட்டும் இடத்துக்கும் தம்புரா காட்டும் இடத்துக்கும் நடுவே நிறுத்திக்கொண்டேன். ஸ்லைடு (தந்திமேல் குழாயைச் சறுக்கி வாசிப்பது) மட்டும் வாசிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் தயங்காமல் முழுவதும் இறக்கலாம்.

பேஸ் கிதார் வாசிக்கும் ஓர் உறுப்பினரின் மறுமொழி

கழற்றிய தந்தியால் அதிகப் பயன் பெறுபவர் பக்கத்தில் நிற்கும் பேஸ் வாசிப்பவர் என்பது என் அனுபவம். ஓப்பன் ஜி-யில் ஆறாவது தந்தி இருந்தால் கிதார் 73 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. கழற்றிவிட்டால் 98 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே பேஸின் ஈ தந்தி தரும் 41 ஹெர்ட்ஸ் வரையுள்ள இடம் எனக்கும் டிரம்ஸின் கிக்குக்கும் மட்டுமே உரியதாகிவிடுகிறது. எங்கள் குழுவின் கிதார் கலைஞர் ஐந்து தந்திக்கு மாறிய பிறகு, ஒலியை ஏற்றாமலேயே என் வாசிப்பு அரங்கின் பின்வரிசை வரை தெளிவாகக் கேட்கிறது என்று ஒலியமைப்பாளர் சொன்னார். ரோலிங் ஸ்டோன்ஸின் 'டம்ப்ளிங் டைஸ்' பாடலுக்கு எங்கள் கிதார் கலைஞர் நான்காம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடும்போது கிதாரின் அடிச்சுரம் இன்னும் மேலே, பி-க்கு, போய்விடுவதால் எனக்கு மேலும் இடம் கிடைக்கிறது. 'ஹாங்கி டாங்க் விமன்' பாடலின் சரணங்களில் பேஸே கிடையாது. பல்லவியில்தான் குழுவின் அப்போதைய பேஸ் கலைஞர் பில் வைமன் உள்ளே வருகிறார். அதுவரை ஐந்து தந்திகளின் ஜி மட்டுமே பாட்டைத் தாங்கி நிற்கிறது. அந்த இடத்தை இசைத்தட்டில் கவனித்துக் கேட்ட பிறகு, நானும் சரணங்களில் கையைத் தந்திமேல் அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.