இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின் வந்த வெல்ஸ்டோன் சட்டம்

கேள்வி (அயனாவரம் மாணவி):

அனைவருக்கும் வணக்கம். அரசியல் அறிவியல் முதுகலைக் கருத்தரங்குக்காக, மினசோட்டா மாநிலத்தின் செனட்டராக இருந்த பால் வெல்ஸ்டோன் பற்றி எழுதுகிறேன். அவர் 2002இல் காலமானார். அமெரிக்காவின் மனநலக் காப்பீட்டுச் சட்டமோ 2008இல் அவர் பெயரைத் தாங்கி வந்தது. இடையில் என்ன நடந்தது? அவருக்கு இந்த அக்கறை எங்கிருந்து வந்தது?

பதில் 1 (மாம்பலம் ஓய்வுபெற்ற பேராசிரியர்):

அக்கறை வீட்டிலிருந்தே வந்ததம்மா. வெல்ஸ்டோன் சிறுவனாக இருந்தபோது, அண்ணன் ஸ்டீபன் கல்லூரியில் சேர்ந்த புதிதில் கடும் மனநோய்க்கு ஆளானார். மருத்துவமனைக் கட்டணத்தை அடைக்கப் பெற்றோர் நெடுங்காலம் பாடுபட்டார்கள். ஸ்டீபன் தேறிப் படிப்பை முடித்து ஆசிரியரானார் என்பதையும் தம்பி பெருமையோடு சொல்வதுண்டு.

கார்ல்டன் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பித்த வெல்ஸ்டோன், 1990இல் பச்சை வண்ணம் பூசிய பழைய பள்ளிப் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்டு, பணபலத்தில் தம்மைப் பன்மடங்கு விஞ்சிய ருடி போஷ்விட்ஸை வென்றார். அந்த ஆண்டு பதவியிலிருந்தபடி தோற்ற ஒரே செனட்டர் போஷ்விட்ஸ்தான். வெல்ஸ்டோன் மனத்தில் பட்டதை ஒளிக்காமல் பேசியவர். மறுதேர்தல் நெருங்கியிருந்த 2002 அக்டோபரிலும் ஈராக் போருக்கு எதிராகவே வாக்களித்தார்.

மனநலத்தில் அவருக்குத் துணை நின்றவர் எதிர்க்கட்சியின் செனட்டர் பீட் டொமெனிச்சி. அவருடைய மகளுக்கு மனச்சிதைவு நோய். வேறு எதிலும் ஒத்துப்போகாத இருவரையும் வீட்டுத் துயரம் சேர்த்து வைத்தது. 1996இல் வந்த முதல் சட்டம், காப்பீடு தரும் தொகையின் ஆண்டு உச்சவரம்பும் வாழ்நாள் உச்சவரம்பும் மனநோய்க்கு மட்டும் குறைவாக இருக்கக்கூடாது என்றது. காப்பீட்டு நிறுவனங்களோ மருத்துவமனையில் தங்கும் நாள்களைக் குறைத்தும், நோயாளி கையிலிருந்து கட்டவேண்டிய பங்கை உயர்த்தியும் அதைத் தாண்டிச் சென்றன. அந்த ஓட்டையை அடைக்கும் முயற்சியில் இருந்தபோதே, 2002 அக்டோபர் 25 அன்று வெல்ஸ்டோன் விமான விபத்தில் மனைவியோடும் மகளோடும் இறந்தார். பணியைத் தொடர்ந்தவர்கள் 2008 அக்டோபர் 3 அன்று, வங்கி மீட்புச் சட்டத்தோடு இணைத்து, அவர் பெயர் தாங்கிய சட்டத்தை நிறைவேற்றினார்கள்.

பதில் 2 (பெரம்பூர் வாசகர்):

பேராசிரியர் ஐயா சொன்ன அந்த ஓட்டை எனக்கு நன்றாகப் புரிகிறது. 2016இல் என் தம்பி 23 நாள் உள்நோயாளியாக இருந்தான். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள், ரசீதுகள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன். மனநோய் இந்த பாலிசியில் சேராது என்ற ஒற்றை வரியோடு கோப்பு திரும்பி வந்தது. அம்மாவின் வளையல்களை அடகு வைத்துத்தான் பில்லைக் கட்டினோம். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே ஏச்சாகச் சொல்லும் நகரத்தில், இதை யாரிடம் முறையிடுவது என்று அப்போது கூச்சப்பட்டேன். ஒரு செனட்டர் தம் அண்ணன் கதையை அவையில் எழுந்து சொன்னது எவ்வளவு பெரிய காரியம் என்று அதனால்தான் நினைக்கிறேன்.

பதில் 3 (அண்ணாநகர் வழக்கறிஞர்):

நண்பரே, இன்று அப்படி மறுக்க முடியாது. நம் நாட்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, பிரிவு 21(4), உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்கிறது. சட்டம் 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்டில் சுற்றறிக்கை விடுத்தது, 2022 அக்டோபரில் மீண்டும் வலியுறுத்தவும் நேர்ந்தது.

மாணவிக்கு ஒன்று: அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் மனநலக் காப்பீட்டைக் கட்டாயமாக்கவில்லை, கொடுத்தால் சமமாகக் கொடு என்றது. நம் சட்டம் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது. இந்த வேறுபாட்டைக் கட்டுரையில் அவசியம் எழுதுங்கள். இரண்டு முறைக்கு மேல் போட்டியிடமாட்டேன் என்ற வாக்கை வெல்ஸ்டோன் மீறி மூன்றாம் முறை களமிறங்கியதையும் விட்டுவிடாதீர்கள். அவரும் அதை மறைக்கவில்லை.

மாணவி:

மூவருக்கும் நன்றி. பெரம்பூர் அண்ணா, பெயர் குறிப்பிடாமல் உங்கள் தம்பியின் கோப்பைக் கட்டுரையில் சேர்த்துக்கொள்ள அனுமதிப்பீர்களா?

பெரம்பூர் வாசகர்:

தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. தம்பியிடமும் கேட்டுவிட்டேன், 23 நாள் என்பதைச் சரியாக எழுதச் சொன்னான்.