பாட்டிலுக்குப் பாட்டில் நுரை மாறுகிறது, ஏன்?

கேள்வி: மெல்போர்னில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறேன். பாட்டிலில் நுரை வருவதற்காக 19 லிட்டருக்கு 120 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் (ஒரு வகைச் சர்க்கரை). பாகு காய்ச்சி, வாளியிலிருந்த பீரின் மேல் ஊற்றினேன், கலக்கவில்லை. முதலில் நிரப்பிய பாட்டில்களைத் திறந்தால் பொங்கி மேசையெல்லாம் நுரை. கடைசி ஆறும் சப்பென்று இருக்கின்றன. மனசே விட்டுப்போச்சு.

பதில்: பாகு பீரைவிடக் கனம், அடியில் தங்கிவிடும். பாட்டிலில் நிரப்பும் குழாயும் வாளியின் அடியில்தானே! அதனால் முதல் பாட்டில்களுக்கே சர்க்கரை அதிகம் போய்விட்டது. அடுத்த முறை ஆறிய பாகைக் காலி வாளியில் முதலில் ஊற்றுங்கள். அப்புறம் பீரை அந்த வாளிக்கு இறக்கும் சைஃபன் குழாயின் நுனியை வாளிச் சுவரோடு வளைத்து வையுங்கள். பீர் சுழன்றபடி நிரம்பும்.

பதில்: சுழற்சியை மட்டும் நம்பாதீர்கள். கிருமி நீக்கிய கரண்டியால் அடியிலிருந்து மெதுவாகக் கிண்டுங்கள். சலசலவென்று கலக்கினால் காற்று சேர்ந்து, நாளாக நாளாக நனைந்த அட்டை வாசம் வரும். பொங்குகிற பாட்டில்களை உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெடிக்கலாம்.

கேட்டவர்: சரி, வைத்துவிட்டேன். ரொம்ப நன்றி.