அக்காவுக்கு வரும் ஆறுதல் செய்திகளை அவளுக்குப் பாரமில்லாமல் சேர்ப்பது எப்படி?

சின்னவள்:
அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்து தனி அறையில் இருக்கிறாள், தொற்று பயத்தால் அம்மாவைத் தவிர யாரையும் உள்ளே விடுவதில்லை. விஷயம் தெரிந்ததிலிருந்து உறவுக்காரர்கள், கூடப் படித்தவர்கள், வேலையில் பழக்கமானவர்கள் எல்லோரும் அவள் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அன்பாகத்தான் அனுப்புகிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நேற்று போனை எடுத்துப் பார்த்தவள், "இத்தனை பேருக்கு நான் எப்படிப் பதில் போடுவேன்" என்று கண் கலங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டாளாம், அம்மா சொன்னார். இதற்கு நடுவில் சித்தப்பா ஒருவர் அவளைக் கேட்காமலே அவள் படத்தையும் நோயின் பெயரையும் ஃபேஸ்புக்கில் போட்டு எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டார். செய்திகள் நின்றுபோகவும் கூடாது, அவளுக்கு அவை தேவை. வீட்டில் இப்படிப் பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மழைக்காலம்:
என் கணவருக்கு இதே நிலைமை வந்தபோது நாங்கள் முதலில் செய்தது, செய்திகள் வந்து சேரும் இடத்தை மாற்றியதுதான். இனி எல்லாம் என் எண்ணுக்கு அனுப்புங்கள், நான் அவரிடம் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி அட்மின் மட்டும் எழுதலாம் என்று அமைப்பை மாற்றி, சாயங்காலம் ஒரே ஒரு தகவல் போடுவேன். "இப்ப எப்படி இருக்கு?" என்ற கேள்விதான் நோயாளியை அதிகம் களைக்க வைக்கிறது, ஏனென்றால் அவருக்கே அதற்குப் பதில் தெரியாது. அமெரிக்காவில் 1997இல் தொடங்கிய கேரிங்பிரிட்ஜ் என்ற லாப நோக்கமில்லாத தளம் இதற்காகவே இருக்கிறது: குடும்பம் ஓரிடத்தில் நிலவரத்தை எழுதும், மற்றவர்கள் அதன் கீழே ஆறுதல் எழுதுவார்கள், யார் பார்க்கலாம் என்பதையும் குடும்பமே முடிவு செய்யலாம். வாட்ஸ்அப் பழகியவர்களுக்குக் குழுவே போதும்.

வார்டு_செவிலி:
இந்த மாதிரி வார்டில் வேலை செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கிற கடுமையான கீமோவால் பலருக்கு வாய், தொண்டை எல்லாம் புண்ணாகிவிடும், எச்சில் விழுங்கவே வலிக்கும். அப்போது போன் பேசச் சொல்வது கொடுமை. ஆனால் கேட்க முடியும். அதனால் குரல் பதிவு வாங்குங்கள், ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கண் அசந்து எழுத்தைப் படிக்க முடியாத நேரத்திலும் தெரிந்த குரல் காதில் விழுவது பெரிய துணை. அப்புறம், உடம்பில் ஏற்றிய புது ஸ்டெம் செல்கள் வேர் பிடித்து ரத்த அணுக்களை உண்டாக்கப் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். தினமும் காலையில் ரத்த அணு எண்ணிக்கைக்காகத் தவித்துக்கொண்டிருப்பவளிடம் "கவுண்ட் ஏறிடுச்சா?" என்று யாரும் கேட்கக் கூடாது. "போராடு, நீ ஜெயிப்பாய்" என்பதும் வேண்டாம், எண்ணிக்கை ஏறாத நாளில் அவள் தான் சரியாகப் போராடவில்லையோ என்று நினைத்துக்கொள்வாள். மூலிகை, மருந்து, தெரிந்தவருக்குக் குணமான கதை எதையும் உள்ளே விடாதீர்கள். அறைக்குள் போகும் போனை கிருமிநாசினித் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், அது கைக்கு கை மாறுகிற பொருள்.

திரும்பி_வந்தவன்:
நான் அந்தக் கட்டிலில் படுத்திருந்தவன். மேலே சொன்னதெல்லாம் சரிதான், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன் தங்கச்சி, எதைக் காட்டுவது என்பதை நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். என் தம்பி செய்தி அனுப்பியவர்களின் பெயர்களை மட்டும் வாசித்து "யாருடையதைப் படிக்கட்டும்?" என்று கேட்பான். ஊசி, குழாய், மருந்து எதிலும் என்னைக் கேட்காத நாட்களில் அந்த ஒரு கேள்விக்கு நான் பதில் சொன்னேன். எனக்கு மிகவும் பிடித்தது கூட வேலை பார்த்த ஒருவர் எழுதியது: என் மேஜையில் நான் விட்டுவந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகவும், அது ஒரு பக்கமாகச் சாய்ந்ததால் திருப்பி வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். நோயைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நான் நாலைந்து முறை படிக்கச் சொன்னேன். பெரிய பெரிய ஆறுதல் வசனங்களைவிட இதைத்தான் கேட்டு வாங்குங்கள்.

ஃபேஸ்புக் பதிவை இன்றே எடுக்கச் சொல்லுங்கள். "அக்கா இன்னும் எல்லோருக்கும் சொல்ல விரும்பவில்லை" என்றால் போதும், சித்தப்பாவும் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். நோயை யாரிடம் சொல்வது என்பது அவளுடைய உரிமை. வேலை, கல்யாணம் என்று நாளைக்கு எதிலெல்லாம் அது குறுக்கே வரும் என்று யாருக்கும் தெரியாது.

மழைக்காலம்:
இன்னொன்று. சிலர் "கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை" என்று நோயாளிக்கே எழுதுவார்கள். 2013இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் சூசன் சில்க், பாரி கோல்ட்மேன் என்ற இருவர் எழுதிய ஒரு யோசனை எனக்கு உதவியது: நடுவில் நோயாளி, சுற்றிலும் நெருக்கத்தின்படி வட்டங்கள். உள்வட்டத்தை நோக்கி ஆறுதல் மட்டும் போகலாம், நம் அழுகையை வெளிவட்டத்தில் இருப்பவர்களிடம்தான் கொட்ட வேண்டும். அம்மாவும் இப்போது உள்வட்டம்தான், அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சின்னவள்:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சித்தப்பாவிடம் பேசிவிட்டேன், எடுத்துவிட்டார். உறவினர்களுக்கு இப்படி அனுப்பலாமா? "அக்காவுக்கு உங்கள் குரல் கேட்க ஆசை. ஒரு நிமிடத்துக்குள் பதிவு செய்து என் எண்ணுக்கு அனுப்புங்கள். உடம்பைப் பற்றிக் கேட்க வேண்டாம், உங்கள் வீட்டில் இன்று நடந்ததைச் சொல்லுங்கள்."

திரும்பி_வந்தவன்:
அருமை. கடைசியில் "அவள் பதில் அனுப்ப வேண்டியதில்லை" என்பதையும் போடுங்கள். அந்த வரியை அக்காவிடமும் காட்டுங்கள்.