பல வருடம் வெளிநாட்டில் இருக்கப் போகிறேன், பழைய மொபைல் நம்பரை எப்படித் தக்கவைப்பது?

தூரப்பயணி:
வேலைக்காகக் குறைந்தது நாலைந்து வருடம் வெளிநாட்டில் இருக்க வேண்டியிருக்கும். கல்லூரிக் காலத்திலிருந்து ஒரே நம்பர்தான். வங்கி, மின்னஞ்சல், வரிக் கணக்கு, அப்பாவின் காப்பீடு எல்லாமே அதோடுதான் இணைந்திருக்கின்றன. போனதும் அங்கே ஒரு சிம் வாங்கிவிடுவேன், அதனால் பழைய நம்பரில் பேச வேண்டிய தேவை இருக்காது. ஓடிபி வந்தால் போதும். அதற்காக மாதாமாதம் முழு பிளானுக்குப் பணம் கட்ட மனம் வரவில்லை. சிம்மைத் தம்பியின் பழைய போனில் போட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள் வீட்டில். சிம் இல்லாமல் செயலி வழியாக இயங்கும் இணையவழி நம்பராக மாற்றிவிடச் சொல்கிறார் அலுவலக நண்பர். பல வருடம் வெளியில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

கயல்:
தம்பி போன் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். ஓடிபி சில நிமிடம்தான் செல்லும். உங்களுக்குப் பகல் என்றால் அவருக்கு நள்ளிரவாக இருக்கலாம். அதைவிட முக்கியம், அந்த சிம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் உங்கள் கணக்குகளின் சாவியும் இருக்கிறது. தம்பி நல்லவராகவே இருக்கட்டும், அந்தப் போன் தொலைந்தால்? சிம் உங்களோடுதான் வர வேண்டும்.

நான் பல வருடமாக வெளியில் இருக்கிறேன், பழைய நம்பரும் என்னோடே இருக்கிறது. போஸ்ட்பெய்டாக இருந்தால், கிளம்பும் முன் நிறுவனத்தின் மிகக் குறைந்த பிளானுக்கு, முடிந்தால் ப்ரீபெய்டுக்கு மாறிவிடுங்கள். அப்புறம் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் எதுவும் செய்யாமல் இருந்தால் இந்த நம்பர் எத்தனை நாளில் போகும்?" இது நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். சிலருக்கு ரீசார்ஜ் செய்தாலே போதும். சிலர், கணக்கில் பணம் இருந்தாலும் இடையிடையே ஒரு அழைப்போ எஸ்எம்எஸ்ஸோ போயிருக்க வேண்டும் என்பார்கள். வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல் மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள். அந்தத் தேதிக்குக் கொஞ்சம் முன்னதாகவே காலண்டரில் நினைவூட்டல் போடுங்கள். தானாகப் பணம் கட்டும் வசதியை மட்டும் நம்பினால், கார்டு காலாவதியாகும் மாதத்தில் நம்பரும் சேர்ந்து போய்விடும்.

சர்வதேச ரோமிங்கை ஊரில் இருக்கும்போதே இயக்கிவிட வேண்டும். வெளியே போன பிறகு இயக்கப் பார்த்தால் அதற்கே ஒரு ஓடிபி கேட்பார்கள், அது வராது. ரோமிங்கில் எஸ்எம்எஸ் வாங்குவதற்குப் பெரும்பாலான நிறுவனங்கள் கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் பிளானில் எப்படி என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அழைப்பை எடுத்தால்தான் செலவு. எடுக்காத அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பினாலும் சில இடங்களில் பில் வரும், அதனால் கிளம்பும் முன் ##002# டயல் செய்து கால் ஃபார்வர்டிங் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். பழைய சிம்முக்கு டேட்டா ரோமிங் கட்டாயம் அணைந்திருக்கட்டும்.

இரண்டு சிம் போன் இருந்தால் பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம், வேலை முடிந்தது.

அலைவரிசை:
நெட்வொர்க் துறையில் வேலை பார்த்தவன். கயல் சொன்னதோடு இரண்டு விஷயம்.

ஒன்று, வைஃபை காலிங். உங்கள் நிறுவனம் வெளிநாட்டில் அதை அனுமதித்தால், போன் வைஃபை வழியாகவே சொந்த நெட்வொர்க்கோடு இணையும், பல நிறுவனங்களில் எஸ்எம்எஸ்ஸும் அதிலேயே வரும். சில இரட்டை சிம் போன்களில் இன்னொரு சிம்மின் டேட்டா வழியாகவும் இது வேலை செய்யும். எல்லோரும் அனுமதிப்பதில்லை, முன்பே கேளுங்கள். பல நாடுகளில் 2ஜி, 3ஜி மூடப்பட்டு வருவதால், போன் வோல்ட்டி ரோமிங்குக்கு, அதாவது வெளிநாட்டில் 4ஜி வழியாகவே அழைப்பு போய்வருவதற்கு, ஒத்துவருகிறதா என்பதையும் பாருங்கள். பழைய போன் அங்கே சிக்னலே பிடிக்காமல் போகலாம்.

இரண்டு, அலுவலக நண்பர் சொன்ன இணையவழி நம்பர். உங்கள் நாட்டில் மொபைல் நம்பரை அப்படி இணையவழிச் சேவைக்கு மாற்ற (போர்ட் செய்ய) அனுமதி இருந்தால்தான் அந்த வழியே உண்டு. இருந்தாலும், பல வங்கிகள் அத்தகைய நம்பரை ஓடிபிக்கு ஏற்பதில்லை. பேச மட்டும் என்றால் அருமையான வழி, உங்கள் தேவைக்குப் பொருந்தாது.

நடைவண்டி:
எதற்கு இவ்வளவு பாடு? எல்லாக் கணக்கிலும் புது நம்பரைக் கொடுத்துவிட்டுப் பழையதை விட்டுவிடலாமே.

அலைவரிசை:
விடலாம், ஆனால் நம்பரை விட்டதும் அது அழிந்துபோவதில்லை. சில காலம் கழித்து வேறொருவருக்குப் போகும். அமெரிக்காவில் அந்த இடைவெளி குறைந்தபட்சம் 45 நாள்தான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல், அங்கே புதிய வாடிக்கையாளருக்குக் கிடைக்கக்கூடிய 259 நம்பர்களைச் சோதித்தார்கள். அவற்றில் 171 நம்பர்கள் பிரபல இணையதளங்களில் முந்தைய உரிமையாளரின் கணக்கோடு இன்னமும் இணைந்திருந்தன. கடைசிக் கணக்கு வரை கழற்றிவிட்டேன் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் மட்டும் விடுங்கள். பத்து வருடத்துக்கு முன் திறந்த ஷாப்பிங் கணக்கு யாருக்கு ஞாபகம் இருக்கும்?

கயல்:
நடைவண்டி சொல்வதில் பாதி சரி. நம்பரை வைத்துக்கொண்டே அதன் மேல் உள்ள பாரத்தைக் குறைக்க வேண்டும். மின்னஞ்சலில்தான் தொடங்க வேண்டும், மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கும் வழி அதுதான். அதில் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் ஆதென்டிகேட்டர் செயலியோ, கடவுச்சொல்லுக்குப் பதில் கைரேகை அல்லது போன் பூட்டால் உள்ளே நுழையும் பாஸ்கீயோ வையுங்கள். ஆதென்டிகேட்டர் பொதுவாக 30 விநாடிக்கு ஒருமுறை போனுக்குள்ளேயே எண்ணைக் கணக்கிட்டுக் காட்டும், அதற்கு சிக்னலே வேண்டாம். போன் தொலைந்தால் உள்ளே நுழைய அந்தக் கணக்கு தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பு பின்னையும் போட்டுவிடுங்கள். கடைசியில் எஸ்எம்எஸ் தவிர வேறு வழி தராத வங்கியும் அரசுக் கணக்குகளும்தான் மிஞ்சும். நம்பரைப் பிடித்து வைப்பது அவற்றுக்காகத்தான்.

தூரப்பயணி:
ரொம்ப நன்றி அக்கா, அலைவரிசை சாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் பாக்கி. கிளம்பும் முன் பழைய நம்பரை இ-சிம்மாக, அதாவது போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்மாக, மாற்றிக்கொள்ளட்டுமா? புது சிம்முக்கு இடம் மிச்சமாகும்.

அலைவரிசை:
இ-சிம்மை யாரும் கழற்றி எடுக்க முடியாது, அது நல்லதுதான். ஆனால் போன் உடைந்தால் அதை இன்னொரு போனில் ஏற்ற நிறுவனத்தின் தயவு வேண்டும். சில நிறுவனங்கள் அதற்கு அதே நம்பருக்கு ஓடிபி அனுப்பும், அல்லது கடைக்கு நேரில் வரச் சொல்லும். பிளாஸ்டிக் சிம் என்றால் எடுத்து அடுத்த போனில் போட்டால் முடிந்தது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பழைய நம்பரைப் பிளாஸ்டிக் சிம்மிலேயே வைத்து அதற்கு சிம் பின் (வேறு போனில் போட்டாலும் கேட்கும் பூட்டு எண்) போடுவேன், போய்ச் சேரும் நாட்டின் நம்பரை இ-சிம்மாக வாங்குவேன். அது போனால் அங்கேயே கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம். வாங்கப்போகும் போனில் சிம் போடும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022இல் வந்த ஐபோன் 14 முதல் அது இல்லை.

தூரப்பயணி:
என் போனில் இடம் இருக்கிறது. நாளைக்கே போஸ்ட்பெய்டை மாற்றச் சொல்லிவிட்டு, செல்லுபடிக் காலம் பற்றி மின்னஞ்சலும் அனுப்புகிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.