ஒரே இனம், வேறு வேறு புத்தி: நீங்கள் பார்த்த பறவைகளைப் பற்றிச் சொல்லுங்கள்

செம்போத்து:
காக்கைக்குப் புத்தி அதிகம் என்கிறோம். எந்தக் காக்கைக்கு என்று யாரும் கேட்பதில்லை. மாடிக்கு வழக்கமாக வரும் இரண்டை எனக்கு நன்றாக அடையாளம் தெரியும். ஒன்றுக்கு மேலலகின் நுனி உடைந்திருக்கும், மற்றதற்கு ஒரு கால்விரல் இல்லை. காய்ந்த ரொட்டித்துண்டு கிடைத்தால் அலகு உடைந்தது நேராகத் தண்ணீர்த் தட்டுக்குப் போகும். துண்டை உள்ளே போட்டுவிட்டுக் காத்திருக்கும், புரட்டும், ஓரத்தைக் கொத்திப் பார்க்கும். ஊறவில்லை என்றால் திரும்பத் தண்ணீருக்குள் தள்ளும். மற்றது அதே தட்டுக்குப் பக்கத்திலேயே நின்று, துண்டைச் சுவரில் இடித்துக்கொண்டே இருக்கும். உங்களுக்கும் இப்படிப் பார்த்த அனுபவம் இருந்தால் விவரமாக எழுதுங்கள்.

வால்காக்கை:
அலகு உடைந்ததற்கு ஊறவைத்தே ஆகவேண்டிய கட்டாயம் இருக்கிறது. மற்றதற்கு இடித்தாலே வேலை முடிந்துவிடுகிறது. எது புத்திசாலி என்று இதைவைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தேவை என்பது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவின் சியரா நெவாடா மலையில் மலைச் சிக்கடி என்று ஒரு குட்டிப் பறவை, நம் பட்டாணிக்குருவியின் குடும்பம். குளிர்காலத்துக்காக விதைகளை ஆயிரக்கணக்கான இடங்களில் ஒளித்துவைக்கும். பிராவோசுதோவ் என்ற ஆய்வாளரின் குழு அங்கே எட்டுத் தீனிப்பெட்டிகளை மாட்டியது. ஒவ்வொரு பறவைக்கும் காலில் ஒரு மின்னணு வளையம். அதற்கென்று ஒதுக்கிய ஒரே ஒரு பெட்டிதான் திறக்கும். தன் பெட்டி எது என்பதை மலை உச்சிப் பக்கத்துப் பறவைகள் கீழ்ச்சரிவுப் பறவைகளைவிட நன்றாக நினைவில் வைத்தன. மேலே பனி அதிகம், குளிர்காலமும் நீளம். ஒளித்த இடம் மறந்தால் பட்டினிதான். நினைவாற்றல் கூடுதலாக இருந்த இளம் பறவைகளே முதல் குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைப்பது அதிகம் என்று 2019இல் அதே குழு வெளியிட்டது. இந்தத் திறனில் ஒரு பங்கு மரபணு வழியாக வருகிறது என்பதையும் பிறகு காட்டினார்கள்.

செம்போத்து:
அலகு விஷயம் நியாயம்தான். இன்னொன்றையும் சொல்கிறேன். தீனியை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். விரல் இல்லாதது நூலை இழுத்து, இழுத்த பகுதியை நல்ல காலால் மிதித்து, மறுபடி இழுத்து எடுத்துவிட்டது. மற்றது கீழிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஒன்றில் கெட்டியாக இருப்பது எல்லாவற்றிலும் கெட்டி இல்லை.

தவிட்டுக்குருவி:
எங்கள் பக்கம் தவிட்டுக்குருவிக் கூட்டங்கள் இரண்டு உண்டு. பெரிய கூட்டத்துக் குஞ்சுகள் உதிர்ந்த இலையைப் புரட்டிப் பூச்சி பிடிக்கச் சீக்கிரம் பழகிவிடுகின்றன. சிறிய கூட்டத்துக் குஞ்சுகள் வெகுநாள் வாயைத் திறந்துகொண்டு பின்னாலேயே அலைகின்றன. ஊட்டிவிட ஆள் அதிகம் என்பதால் தெம்பா, பார்த்துக் கற்க ஆள் அதிகம் என்பதாலா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் ஆஸ்திரேலிய மேக்பை பறவைகளில் இதை ஒட்டிய ஒன்றைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2018இல் வந்த ஆய்வு அது. பெரிய குழுவில் வாழ்பவை நான்கு விதமான சோதனைகளிலும் சிறிய குழுவில் வாழ்பவற்றைவிட நன்றாகச் செய்தன. அந்த வித்தியாசம் இளம் வயதிலேயே தெரிய ஆரம்பித்துவிட்டது. சோதனையில் நன்றாகச் செய்த பெண் பறவைகள் குஞ்சு வளர்ப்பதிலும் முன்னே இருந்தன. பிறவி மட்டுமே காரணம் என்று பேசுகிறவர்களுக்கு இதைத்தான் எடுத்துக் காட்டுவேன். யாரோடு வளர்கிறது என்பதும் மூளையை வளர்க்கிறது.

கீச்சான்:
துணிச்சலையும் புத்தியையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். மூடி போட்ட தானியப்பெட்டிக்கு முதலில் பாய்ந்து வந்த மைனா, நாலு கொத்துக் கொத்திவிட்டுப் பறந்துவிட்டது. தூரத்தில் தயங்கி நின்றது, மற்றவை போனபின் வந்து, மூடியின் விளிம்பில் அலகை நுழைத்து நெம்பியது. முதலில் வந்ததை மட்டும் பார்த்திருந்தால் முடிவே மாறியிருக்கும். பசி, பயம், வயது எல்லாம் இதில் கலந்துவிடும். அதனால் ஒரே பறவைக்கு ஒரே பெட்டியை வெவ்வேறு வேளைகளில் வைத்துப் பாருங்கள்.

புத்தி இருந்தால் எல்லாம் லாபம் என்றும் இல்லை. ஆக்ஸ்போர்டை ஒட்டிய வைத்தம் காட்டுப் பட்டாணிக்குருவி வகை ஒன்றுக்குப் புதிர்க்கருவி வைத்தார்கள். புதிரை விடுவித்த பெண் பறவைகள் அதிக முட்டை இட்டன. ஆனால் ஆய்வாளர்கள் கூட்டில் வைத்துப் பிடித்தபோது, அந்தக் கூட்டையே கைவிட்டுப் போனதும் அவைதான் அதிகம்.