குஸ்கோவில் தன்னார்வப் பணிக்கு வந்திருக்கும் தமிழர்களுக்கு: சனி, ஞாயிறு எங்கே போகலாம்?

பள்ளியிலோ கிளினிக்கிலோ சமூக மையத்திலோ வேலை செய்ய பெருவின் குஸ்கோவுக்கு வரும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது, "இந்த சனிக்கிழமையே மச்சு பிச்சு போய்விடலாமா?" என்றுதான். ஸ்பானியர்கள் வருமுன் இங்கே ஆண்ட இன்காக்கள் கட்டிய அந்த மலைநகரத்தைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள் என்பது என் யோசனை. மாதக்கணக்கில் இருக்கப் போகிறீர்கள், அவசரம் எதற்கு? உங்களோடு வாரம் முழுக்க வேலை பார்ப்பவர்கள் விடுமுறையில் எங்கே போகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எந்தச் சாமிக்கு எப்போது ஊர்வலம் எடுக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது பேச்சே மாறிவிடும். அந்த எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உயரம். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். குஸ்கோ நகரம் சுமார் 3,400 மீட்டரில் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் தலைவலி, தூக்கமின்மை, படி ஏறினால் மூச்சிரைப்பு எல்லாம் சகஜம். நிறைய தண்ணீர் குடியுங்கள் (குழாய்த் தண்ணீர் வேண்டாம், கொதிக்க வைத்தது), வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், மது தொடாதீர்கள். எல்லா வீட்டிலும் கொக்கா இலைத் தேநீர் கொடுப்பார்கள். இங்கே அது சட்டப்படி சரியானது, உடம்புக்கும் இதமாக இருக்கும். ஆனால் போதைப்பொருள் பரிசோதனையில் அது தெரியும் என்பதையும், இலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால் சிக்கல் என்பதையும் நினைவில் வையுங்கள். கொக்கா வேண்டாம் என்றால் முன்யா என்ற மலைப் புதினாத் தேநீர் கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, பேச்சு குழறினாலோ பொறுத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனை.

வானவில் மலை என்று படங்களில் பார்க்கும் வினிகுங்கா 5,000 மீட்டருக்கு மேல். முதல் சில வாரங்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம். மாறாக, புனிதப் பள்ளத்தாக்கு நகரத்தைவிடத் தாழ்வானது. அங்கே இருக்கும் ஒய்யாந்தாய்தாம்போ என்ற ஊர் சுமார் 2,800 மீட்டர்தான். முதல் வார இறுதியிலும் தலை பாரமாக இருந்தால் அங்கே இறங்கி ஒரு ராத்திரி தங்கினாலே தெளிவு வரும். குஸ்கோவின் பாவித்தோஸ் தெருவிலிருந்து அந்த ஊருக்கு கொலெக்தீவோ எனப்படும் பகிர்வு வேன்கள் நாள் முழுக்கக் கிளம்பும். இன்கா காலத்துத் தெரு அமைப்பில் மக்கள் இன்றும் குடியிருக்கும் ஊர் அது. கல் பாவிய சந்துகளின் ஓரம் வாய்க்காலில் தண்ணீர் சலசலத்து ஓடும். ஊருக்கு மேலே இருக்கும் இன்கா கோட்டை ஏறாவிட்டாலும் பரவாயில்லை, அந்தச் சந்துகளில் காலை வேளையில் நடங்கள்.

நகரத்திலேயே இருக்கும் சனிக்கிழமைகளில் சான் பெத்ரோ சந்தையிலிருந்து தொடங்குங்கள். பழச்சாறு விற்கும் பெண்கள் ஒரே வரிசையில் பழங்களை அடுக்கி வைத்துக்கொண்டு கூப்பிடுவார்கள். யாரோ ஒருவரிடம் வாடிக்கையாகப் போங்கள். உட்கார்ந்ததும் "புவெனோஸ் தியாஸ், கசேரித்தா" (காலை வணக்கம், வாடிக்கைக்காரம்மா) என்று சொல்லுங்கள். குடித்து முடித்ததும் "யாப்பா" கேட்டால், மிக்ஸியில் மீதம் இருப்பதைக் கொசுறாக உங்கள் கிளாஸில் ஊற்றுவார். இரண்டாம் முறை போகும்போது கேட்காமலே ஊற்றுவார், எங்கே வேலை செய்கிறாய், அம்மா அப்பா எங்கே என்று விசாரிப்பார். வகுப்பில் வராத ஸ்பானிஷ் அந்த பெஞ்சில் வரும். ஓரோபேசா ஊரிலிருந்து வரும் சூத்தா என்ற பெரிய வட்ட ரொட்டியையும் அங்கேயே வாங்கலாம்; லேசான இனிப்போடு இருக்கும். சனிக்கிழமை பாராத்தியோ என்ற பழைய பொருள் சந்தையும் கூடும். போனைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

அதுன் ரூமியோக் தெருவின் இன்கா சுவரில் இருக்கும் பன்னிரண்டு மூலைக் கல்லை எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் அதோடு நிற்காமல் கொரிகாஞ்சாவுக்கும் போங்கள். இன்காக்களின் சூரியக் கோவில் அது. அதன் மேலேயே ஸ்பானியர்கள் சாந்தோ தோமிங்கோ மடாலயத்தைக் கட்டினார்கள். 1950 மே மாத நிலநடுக்கத்தில் மடாலயம் பலமாகச் சேதமடைந்தது, அடியில் இருந்த இன்கா சுவர்கள் நின்றன. சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கல்லோடு கல் பொருந்தி, உள்பக்கமாக லேசாகச் சாய்த்துக் கட்டிய சுவர்கள். அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம், அலுக்காது.

கதீட்ரலில் மார்கோஸ் சபாத்தா வரைந்த இறுதி விருந்து ஓவியத்தில் இயேசுவின் முன்னால் தட்டில் கிடப்பது கூய், அதாவது கினிப் பன்றி. இங்கே கூய் விருந்துச் சாப்பாடு. யாராவது வீட்டில் கொடுத்து, வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் சொல்லுங்கள், உங்களுக்காகவே அறுத்திருப்பார்கள்.

நுழைவுச்சீட்டு விஷயம் ஒன்று. சுற்றுலாச் சீட்டு என்று ஒன்று விற்கிறார்கள்: 16 இடங்கள், 10 நாள், வெளிநாட்டவருக்கு 130 சோல் (பெருவின் பணம்). ஒரு இடத்துக்கு ஒரு தடவைதான் அனுமதி. சாக்சாய்வாமான், பிசாக், ஒய்யாந்தாய்தாம்போ, சின்செரோ, மொராய், திப்போன் எல்லாம் அதில் அடங்கும். கதீட்ரலும் கொரிகாஞ்சாவும் மராஸ் உப்பு வயல்களும் அடங்காது. வார இறுதி மட்டும்தான் உங்களுக்கு என்பதால், வெள்ளிக்கிழமை மாலை வாங்கினால் இரண்டு சனி ஞாயிறு கிடைக்கும். நடுவில் ஏதாவது ஒரு மாலை சோல் அவென்யூவில் இருக்கும் குஸ்கோ நாட்டார் கலை மையத்தின் நடனத்துக்கும் அதே சீட்டில் போகலாம். 1924-இல் தொடங்கிய அமைப்பு அது. எந்த நடனம் எந்த ஊருடையது என்று அங்கே ஒரு அடிப்படை கிடைத்துவிடும், திருவிழாக்களில் உதவும்.

எனக்கு மிகவும் பிடித்தது தெற்குப் பள்ளத்தாக்கு. சுற்றுலாப் பேருந்துகள் குறைவு, உள்ளூர்க் குடும்பங்கள் நிறைய. ஊர்கோஸ் போகும் பேருந்தில் ஏறினால் ஒரே சாலையில் எல்லாம் வரிசையாக வரும். சாய்யா வறுத்த பன்றிக்கறிக்கும், திப்போன் கூய்க்கும், ஓரோபேசா ரொட்டிக்கும் பேர்போனவை. ஞாயிற்றுக்கிழமை குஸ்கோ குடும்பங்கள் பாட்டி முதல் பேரன் வரை இந்த ஊர்களுக்குத்தான் சாப்பிட வருகின்றன.

திப்போனில் ஊரிலிருந்து மேலே ஏறினால் இன்கா மாடிவயல்கள். கல்லில் செதுக்கிய வாய்க்கால்களில் இன்றும் ஊற்றுத் தண்ணீர் ஓடுகிறது. ஒரு மாடியிலிருந்து அடுத்ததற்கு ஏற, சுவரிலிருந்தே நீட்டிக்கொண்டிருக்கும் தனித்தனிக் கற்கள்தான் படி. சுவர் கட்டும்போதே நீளக் கல்லாகப் பார்த்துச் சொருகியிருக்கிறார்கள். விளையும் நிலத்தில் ஒரு அடிகூட படிக்கட்டுக்காக வீணாகவில்லை. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் இதைப் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது.

அங்கிருந்து அதே சாலையில் அந்தாவாய்லியாஸ் என்ற ஊருக்குப் போங்கள். வெளியே எளிமையான மண்கல் தேவாலயம், உள்ளே கூரை முழுக்க ஓவியமும் தங்கப் பூச்சும். ஞானஸ்நான அறையின் வாசலுக்கு மேலே ஒரே வாசகம் ஐந்து மொழிகளில் எழுதியிருக்கும்: லத்தீன், ஸ்பானிஷ், இங்கே மலை மக்கள் இன்றும் பேசும் கெச்சுவா, அய்மாரா, இன்று யாரும் பேசாத புக்கினா. வெளியே சதுக்கத்தில் நிற்கும் பெரிய மரங்கள் பிசொனாய், நம் கல்யாண முருங்கையின் இனம். அதே செந்நிறப் பூ.

நெசவுக்குப் பேர்போன சின்செரோ ஊர் 3,700 மீட்டருக்கும் மேல், குளிரும். ஞாயிறு சந்தைக்குப் போங்கள், நெசவு பார்க்க நேரம் ஒதுக்குங்கள். ஒரு வேரைத் துருவித் தண்ணீரில் போட்டால் பூந்திக்கொட்டை போல நுரைக்கும், அதில்தான் ஆட்டு ரோமத்தை அலசுகிறார்கள். கள்ளிச்செடியில் வளரும் கொச்சினியா பூச்சியை ஒரு அம்மா உள்ளங்கையில் நசுக்கிக் காட்டுவார், கை ரத்தச் சிவப்பாகும். அதில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டதும் ஆரஞ்சாக மாறும். தறியின் ஒரு முனை கம்பத்தில், மறு முனை நெய்பவரின் இடுப்பில். கையால் நெய்த துணிக்கு அடித்துப் பேரம் பேசாதீர்கள், ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் உழைப்பு. நகரத்தில் "பேபி அல்பாக்கா" (லாமா போன்ற அல்பாக்கா விலங்கின் மென்மையான ரோமம்) என்று மலிவாகத் தொங்குவதில் பெரும்பகுதி செயற்கை நூல். நம்பி வாங்க வேண்டுமானால் சோல் அவென்யூவில் இருக்கும் பாரம்பரிய நெசவு மையத்துக்குப் போங்கள். நில்தா கல்யாஞாவ்பா என்ற சின்செரோ நெசவாளர் 1996-இல் மற்ற நெசவாளர்களோடு சேர்ந்து தொடங்கியது.

திருவிழாக்களை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். புனித வாரத் திங்களன்று நிலநடுக்கங்களின் ஆண்டவர் என்ற கருநிறக் கிறிஸ்து ஊர்வலம் வருவார். ஜனங்கள் நியூக்சு என்ற சிவப்புப் பூவை வாரி இறைப்பார்கள். கோர்புஸ் கிறிஸ்தி என்ற நற்கருணைப் பெருவிழாவுக்கு 15 திருச்சொரூபங்கள் தத்தம் கோவிலிலிருந்து தோளேறி கதீட்ரலுக்கு வந்து கூடும், எட்டாம் நாள் திரும்பும். அந்த நாளுக்கென்றே சிரியூச்சு என்ற குளிர்ந்த உணவு: கூய், கோழி, பாலாடைக்கட்டி, வறுத்த சோளம், கடல்பாசி, மீன்முட்டை எல்லாம் ஒரே தட்டில். ஜூன் 24 இந்தி ராய்மி, இன்காக்களின் சூரிய விழா. இன்றைய வடிவில் 1944-இல் மீட்டெடுத்த விழா. சாக்சாய்வாமான் மேடை இருக்கைக்குக் கட்டணம் உண்டு. கொரிகாஞ்சாவிலும் நகர மையச் சதுக்கமான பிளாசா தெ ஆர்மாஸிலும் நடக்கும் பகுதிகளை நின்று பார்க்கக் காசு வேண்டாம், விடியலில் போய் இடம் பிடியுங்கள். ஜூலை 16-ஐ ஒட்டி பௌகார்தாம்போவில் கார்மேல் அன்னை விழா: கூரைகளில் முகமூடி அணிந்த சாக்ராக்கள், அதாவது குட்டிச்சாத்தான்கள், தொங்கி ஆடுவார்கள். ஆகஸ்டில் பூமித்தாய் பச்சமாமாவுக்குப் படையல். உடன் வேலை செய்பவர் வீட்டுக்கு அழைத்தால் அவசியம் போங்கள். கொக்கா இலை, இனிப்பு, லாமா கொழுப்பு எல்லாம் வைத்துக் கட்டி நெருப்பில் இடுவார்கள். அங்கே போனைப் பையில் வையுங்கள். டிசம்பர் 24 அன்று சாந்துராந்திகுய் சந்தை, குடிலுக்கான பொம்மையும் பாசியும் விற்க மலைக் கிராமத்தார் இறங்கி வருவார்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் கேட்டிருந்தீர்கள். "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்றால் மாட்டுக்கறி இல்லை என்று மட்டும் எடுத்துக்கொண்டு கோழி போட்டுவிடுவார்கள். "நி பொய்யோ, நி பெஸ்காதோ" (கோழியும் வேண்டாம், மீனும் வேண்டாம்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், சூப்பின் அடிச்சாறு என்ன என்றும் கேளுங்கள். பாலாடைக்கட்டியோடு வேகவைத்த சோளம், கீன்வா சூப், உருளைக்கிழங்கு வகைகள் எப்போதும் கிடைக்கும். காரத்துக்கு ரொகோத்தோ மிளகாய் இருக்கிறது, பார்க்கத் தக்காளி மாதிரி, உள்ளே கருப்பு விதை, நாக்கு எரியும். அதை மூலிகையோடு பத்தான் என்ற அம்மியில் அரைத்தால் உச்சுகுத்தா, நம் ஆட்களுக்கு முதல் நாளே பிடித்துப்போகும். தர்வி என்ற கசப்பெடுத்த பயறு சந்தையில் வெந்தே கிடைக்கும், தாளித்தால் சுண்டல். வீட்டில் சமைக்கக் குக்கர் கட்டாயம்: இந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்கும் கீழேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. துவரை இல்லை, அர்வேஹா பார்த்தீதா என்ற மஞ்சள் உடைத்த பட்டாணியில் சாம்பார் நன்றாக வரும். பெருங்காயமும் புளியும் ஊரிலிருந்து எடுத்து வாருங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை அறுவடைக் காலத்தில் யாராவது வாத்தியாவுக்குக் கூப்பிட்டால் விடாதீர்கள். வயலிலேயே மண்கட்டிகளை அடுப்பாக அடுக்கித் தீ மூட்டி, கட்டிகள் பழுத்ததும் உருளைக்கிழங்கை உள்ளே போட்டு அதன் மேலேயே உடைத்து மூடுவார்கள். தோண்டி எடுத்துத் தோலைத் தட்டிவிட்டு உச்சுகுத்தாவோடு சாப்பிட வேண்டும். உலகத்துக்கே உருளைக்கிழங்கு கொடுத்த மண் இது.

மனிதர்களிடம் எப்படி நடப்பது என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். கடையோ பேருந்தோ, வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள். வயதானவர்களை கெச்சுவாவில் "மமாய்" (அம்மா), "தைத்தாய்" (அப்பா) என்று கூப்பிட்டால் முகம் மலரும். கெச்சுவாவில் வினைச்சொல் நம்மைப் போலவே வாக்கியக் கடைசியில் வரும், விகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும்; தமிழர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும், ஒரு ஆசிரியரைப் பிடித்துப் படியுங்கள். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். லாமாக்குட்டியோடு நிற்கும் பெண்களுக்கு அது பிழைப்பு, எடுத்தால் காசு கொடுங்கள். நீங்கள் பாடம் சொல்லிக்கொடுக்கும் குழந்தைகளின் முகத்தை மட்டும் இணையத்தில் போடவே போடாதீர்கள். நம் வீட்டுக் குழந்தை படத்தை அந்நியர் போட்டால் ஒப்புக்கொள்வோமா?

சரி, மச்சு பிச்சு. தினமும் இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு, பாதையும் நேரமும் சீட்டிலேயே குறித்திருக்கும். மே முதல் ஆகஸ்ட் வரை போவதென்றால் பல வாரம் முன்னதாக வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் போடுங்கள். இனிஷியல் விரித்து எழுதிய பெயர், குடும்பப் பெயர் காலியாக இருக்கும் பாஸ்போர்ட் என்று நம்மவர்களுக்கு இதில் குழப்பம் அதிகம், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். ஒய்யாந்தாய்தாம்போவிலிருந்து ரயில். நவம்பர் முதல் மார்ச் வரை மழை, மண்சரிவில் பாதை அடைபடலாம்.

அப்புறம், வேலைநிறுத்தம் அறிவித்தால் சாலைகளைக் கல் போட்டு மறித்துவிடுவார்கள், ரயிலும் நிற்கும். உள்ளூர் வானொலியும் நீங்கள் தங்கியிருக்கும் வீட்டு அம்மாவும் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுவார்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய வார இறுதியில் வெளியூர்ப் பயணம் எதுவும் வைக்காதீர்கள்.