ஒகவாங்கோ கூடார முகாம்: யானை, தண்ணீர், 20 கிலோ பை

நாணல்காடு:

போட்ஸ்வானா போக நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த முகாம் நல்லது?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது "நான் போகிற மாதத்தில் தண்ணீர் எங்கே இருக்கும்?"

ஒகவாங்கோ கடலில் சேராத ஆறு. அங்கோலா மேட்டுநிலத்தில் கோடைமழை பெய்கிறது, அந்தத் தண்ணீர் தெற்கே இறங்கி களகாரி மணலில் விசிறியாக விரிந்து, பெரும்பகுதி வெயிலுக்கும் செடிகொடிக்கும் போய்விடுகிறது. 250 கிலோமீட்டருக்குச் சரிவு ஏறக்குறைய 60 மீட்டர்தான். அதனால் வெள்ளம் ஓடாது, ஊரும். டெல்டாவின் மேல்முனையில் நுழைந்தது மவுன் ஊர்ப்பக்கம் எட்ட நாலு மாதம் போல ஆகும். ஆக, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, ஒரு சொட்டு மழை இல்லாத குளிர்காலத்தில்தான் டெல்டா நிறைந்து கிடக்கும். "மழைக்காலத்தில் போனால் நிறையத் தண்ணீர் பார்க்கலாம்" என்று ஜனவரியில் புக் செய்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

முகாம்களில் படகும் மொகோரோவும் (கழியால் உந்தும் ஒல்லித் தோணி) முக்கியமாக இருப்பவை ஒரு வகை, ஜீப் சவாரி முக்கியமாக இருப்பவை இன்னொரு வகை. இரண்டும் உண்டு என்று விளம்பரம் சொன்னாலும் மாதத்தைப் பொறுத்துத்தான் கிடைக்கும். 2019 மாதிரி வறண்ட வருஷம் வந்தால் ஓடை மணலாகிவிடும். புக் செய்யும்போது ஒரே கேள்வி போதும்: "இந்த மாதத்தில் மொகோரோ முகாமிலிருந்தே கிளம்புமா, இல்லை வண்டியில் போய் ஏற வேண்டுமா, எவ்வளவு நேரம்?" நேரான பதில் வராவிட்டால் அந்த மாதத்தில் மொகோரோ இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 1963இல் படவானா மக்கள் தங்கள் நிலத்திலேயே ஒதுக்கிய மொரெமி காப்பகத்துக்குள் இரவுச் சவாரியும் வண்டி தடத்தை விட்டு விலகிப் போவதும் கிடையாது. சுற்றியுள்ள தனியார் குத்தகை நிலங்களில் அவற்றுக்கு அனுமதி உண்டு. சிறுத்தையைப் புதருக்குள் தொடர ஆசை என்றால் குத்தகை நிலத்து முகாமைப் பாருங்கள்.

சிறகுப்பை:

பை விஷயத்தை யாரும் அலட்சியம் செய்யாதீர்கள். மவுனிலிருந்து முகாமுக்குப் போவது பெரும்பாலும் செஸ்னா கேரவன் மாதிரிச் சின்ன விமானம். பைகள் போவது அதன் வயிற்றுக்கடியில் இருக்கும் கூட்டில். அந்தக் கூட்டின் கதவு சின்னது. அதனால்தான் வழக்கமான வரம்பு ஒரு ஆளுக்கு 20 கிலோ, கேமராவும் கைப்பையும் சேர்த்து. பை துணிப்பையாக இருக்க வேண்டும், சக்கரமோ உள்ளே கம்பிச் சட்டமோ கூடாது. ஏறக்குறைய 25 x 30 x 62 சென்டிமீட்டருக்குள் அமுங்க வேண்டும். சக்கரம் வைத்த டிராலி எடை குறைவாகவே இருந்தாலும் நுழையாது, அது வளையாதல்லவா! கெட்டிப் பெட்டி இருந்தால் மவுனில் ஏஜெண்டிடம் விட்டுப்போக முன்கூட்டியே பேசி வைக்கணும்.

ஆள் எடை 100 கிலோவுக்கு மேல் என்றால் புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. பைலட் எடையைப் பார்த்துத்தான் இருக்கையைப் பிரிக்கிறார்.

அந்த விமானம் ஷேர் ஆட்டோ மாதிரி, நேராகப் போகாது. இரண்டு மூன்று மண் ஓடுதளங்களில் இறங்கி ஏறும். மத்தியானச் சூட்டில் காற்று தூக்கிப்போடும். குமட்டல் உள்ளவர்கள் அரைமணி முன்னால் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். இறங்குமுன் ஒரு வட்டம் அடித்தால் பயப்பட வேண்டாம், தளத்தில் வரிக்குதிரையோ யானையோ நிற்கும், அதை விரட்டத்தான். தளங்களில் விளக்கு கிடையாது. ஜோஹானஸ்பர்க்கில் விமானம் தாமதமாகிப் பொழுது சாய்ந்தால் அன்றிரவு மவுனில்தான் படுக்கை.

ஜோஹானஸ்பர்க்கில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து, பை நேராக மவுன் போகும்படி ஒட்டப்படவில்லை என்றால், வெளியே வந்து பை எடுக்க தென்னாப்பிரிக்க விசா வேண்டியிருக்கும். ஒரே டிக்கெட்டாக எடுத்துவிடுங்கள்.

கோரைப்பாய்:

கூடாரம் என்றதும் குனிந்து நுழைகிற சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். மரக்கால்களில் நிற்கும் பலகைமேடை, மேலே கித்தான் கூரை, சுற்றிலும் வலைச் சன்னல், உள்ளே நிஜக் கட்டில், பின்பக்கம் கழிவறையும் சுடுதண்ணீர்க் குளியலும். வெளியே வானம் பார்த்த ஷவர் தனியாக. வேலி மட்டும் கிடையாது. நாளுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் வாங்குகிற இடத்தில் வேலி இல்லையா என்று சிலர் கோபப்படுகிறார்கள். அந்தக் காசே வேலி இல்லாததற்குத்தான் சார்.

ஜிப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முக்கால்வாசித் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. வாசல் கித்தானில் நின்ற ஜிப் ஒன்று, தரை ஜிப் ஒன்று. இரண்டு இழுப்பான்களும் கீழ்மூலையில் சந்திக்கும். அரை அங்குலம் திறந்திருந்தாலும் பபூன் குரங்கு விரலை விட்டு முழுதும் இறக்கிவிடும். மூலையில் கொக்கி இருந்தால் இரண்டு இழுப்பான்களையும் சேர்த்து மாட்டுங்கள். இல்லாவிட்டால் சாவிவளையம் ஒன்று போதும். குரங்கு தேடுவது சாப்பாடு. ஆனால் பற்பசை, மாத்திரை அட்டை, வாசனைச் சோப்பு எல்லாமே அதற்குச் சாப்பாடுதான். மலேரியா மாத்திரையைக் குரங்கிடம் பறிகொடுத்தால் அடுத்த மருந்துக்கடை விமான தூரத்தில் இருக்கிறது. முறுக்கு, மிக்சர், ஊறுகாய் எதையும் கூடாரத்தில் வைக்காதீர்கள். சமையலறையில் கொடுத்தால் பத்திரமாக வைத்துத் தருவார்கள். தோல் செருப்பை ராத்திரி வெளியே விட்டால் கழுதைப்புலி கொண்டுபோய்விடும். உள்ளே வைத்து, காலையில் தேளுக்காக உதறிவிட்டுப் போடுங்கள்.

கட்டிலருகே ஒரு ஏர் ஹார்ன் டப்பா இருக்கும். நம்ம ஊர் பஸ் ஹார்னின் குட்டித் தம்பி. தீ, கடுமையான உடம்புக் கோளாறு, பாம்பு உள்ளே வந்துவிட்டது, இந்த மாதிரிக்குத்தான் அது. குளியலறைத் தவளைக்கு ஊதினால் முகாமே ஓடிவரும், மறுநாள் காலைச் சாப்பாட்டில் எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள்.

மின்சாரம் பெரும்பாலும் சூரியத்தகடும் பேட்டரியும். ஹேர் டிரையர், பயணக் கெட்டில், அயர்ன் பாக்ஸ் மூன்றும் இன்வெர்ட்டரைச் சாய்த்துவிடும். துணி துவைத்துத் தருவார்கள், ஆனால் பல முகாம்களில் உள்ளாடையை மட்டும் வாங்க மாட்டார்கள். அது அங்குள்ள வழக்கம். அதற்கென்று சோப்புத்தூள் அறையிலேயே வைத்திருப்பார்கள்.

நாணல்காடு:

யானை பற்றி யாரும் ஆரம்பிக்கவில்லை, நானே சொல்கிறேன். முகாமுக்குள் எந்த மரம் நிற்கிறது என்று கேட்டால் யானை எப்போது வரும் என்று தெரிந்துவிடும். மருலா பழுப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. அந்தப் பக்கத்தில் ஒரு விசிறிப்பனை உண்டு, நம்ம பனைக்கு ஒன்றுவிட்ட உறவு, காய் சின்ன உருண்டை. யானை நெற்றியை மரத்தில் முட்டுக்கொடுத்து நிற்கும், அப்புறம் ஒரே ஒரு உலுக்கல். காயெல்லாம் கூடாரக் கூரையில் படபடவென்று விழும். உள்ளே படுத்திருப்பவருக்கு யாரோ கல்லெறிகிற மாதிரி இருக்கும். பிறகு ஒன்றொன்றாகத் தும்பிக்கையில் பொறுக்கி, கடகடவென்று மெல்லும் சத்தம், கித்தானுக்கு மறுபுறம், மூன்றடியில்.

அப்போது ஜிப்பைத் திறக்காதீர்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள், கைதட்டாதீர்கள். யானை கூடாரத்தை ஒரு பெரிய பாறையாகத்தான் பார்க்கிறது. நீங்கள் வெளியே தலையை நீட்டினால்தான் பாறைக்கு உயிர் வருகிறது. பத்து நிமிஷமோ ஒரு மணி நேரமோ, அது போகிற வரை காத்திருங்கள். சவாரிக்கு நேரமானால் கைடே வந்து பார்ப்பார். தனியாகக் கிளம்பக் கூடாது.

பகலில் பாதையில் எதிர்ப்பட்டால்: நில்லுங்கள். முதுகைக் காட்டாமல் பின்னடி வைத்து, மரத்துக்கோ மேடைக்கோ பின்னால் போங்கள். காதை விரித்து, தலையைத் தூக்கி, சத்தமிட்டு வந்தால் பெரும்பாலும் மிரட்டல். காதை ஒட்டி, தும்பிக்கையை உள்ளே சுருட்டி, தலையைத் தாழ்த்திச் சத்தமில்லாமல் வந்தால் அது வேறு. இதைப் படித்துவிட்டு நீங்களே ஜோசியம் பார்க்காதீர்கள், கைடு சொல்வதைச் செய்யுங்கள். எது வந்தாலும் ஓடக்கூடாது என்பது மட்டும் சிங்கத்துக்கும் சேர்த்து. பொழுது சாய்ந்த பிறகு கூடாரத்துக்கும் சாப்பாட்டுக்கூடத்துக்கும் நடுவில் ஆள்துணை இல்லாமல் நடக்கவே கூடாது.

துடுப்பில்லாதவன்:

யானையைவிட நான் மதிப்பது நீர்யானையை. ராத்திரி புல் மேயக் கரையேறும், விடியுமுன் தண்ணீருக்குத் திரும்பும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்பதுதான் ஆபத்து. கூடாரத்தைச் சுற்றிக் கத்தரிக்கோல் போட்டமாதிரி "சரக் சரக்" என்று கேட்டால் அதுதான் மேய்கிறது.

மொகோரோவில் பயணி இரண்டு பேர், பின்னால் நின்றபடி ஒருவர் ங்காஷி என்கிற நீளக் கழியால் உந்துவார். முன்பு கருங்காலி வகை மரத்தையும் சாசேஜ் மரத்தையும் குடைந்து செய்தார்கள். பெருமரங்களை வெட்டாமலிருக்க இப்போது கண்ணாடியிழையில், அதே வடிவத்தில். உட்காரும் இடம் நீர்மட்டத்துக்குச் சில அங்குலம்தான் மேலே. பக்கவாட்டில் சாயாதீர்கள், கையைத் தண்ணீரில் விடாதீர்கள். கழி எட்டும் ஆழமில்லாத புல்வெளித் தண்ணீரில்தான் ஓட்டுவார்கள். நீர்யானையும் முதலையும் விரும்புவது ஆழ ஓடையை. ஓடையைக் குறுக்கே கடக்கும்போது ஓட்டுபவர் நின்று காது கொடுப்பார், அந்த நேரத்தில் பேச்சை நிறுத்துங்கள்.

கோரை முகத்தில் அடிக்கும், மடியில் சிலந்தி விழும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நாணல் தண்டில் கட்டைவிரல் நகம் அளவில் வரிபோட்ட தவளை ஒட்டியிருக்கும், ஓட்டுபவர் காட்டினால்தான் தெரியும். நல்ல கேமராவை இதில் கொண்டுபோவதென்றால் நீர்புகாப் பையில் போடுங்கள்.

புதுவரவு:

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன வழி? அப்புறம் நீலச் சட்டை போடக்கூடாதாமே?

கோரைப்பாய்:

சைவம் என்று மட்டும் எழுதாதீர்கள்ம்மா. முட்டை, மீன், ஜெலட்டின், எலும்புச்சாறு எது எது கூடாது என்று புக் செய்யும்போதே வரிசையாக எழுதுங்கள். பருப்பிலிருந்து பன்னீர் வரை எல்லாமே மவுனிலிருந்து வர வேண்டும், போய் இறங்கிய அன்று சொன்னால் நாலு நாளும் பாஸ்தாதான்.

நீலமும் கறுப்பும் கூடாது என்பது செட்சி ஈக்காகச் சொல்வது, அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும் ஈ அது. கிழக்காப்பிரிக்கக் குறிப்பை அப்படியே எடுத்து இங்கே ஒட்டுகிறார்கள். ஒகவாங்கோவில் 2001–2002இல் விமானத்திலிருந்து மருந்து தெளித்து செட்சியை ஒழித்துவிட்டார்கள். மண் நிறம் நல்லதுதான், நடைப்பயணத்துக்கு அவசியம், மற்றபடி நீலச் சட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். வெள்ளை வேண்டாம், முதல் சவாரியிலேயே புழுதி நிறமாகிவிடும்.

சிறகுப்பை:

மருந்து விஷயம். வட போட்ஸ்வானா மலேரியாப் பகுதி. எந்த மாத்திரை என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். அட்டோவாகுவோன்–புரோகுவானில் என்றால் ஊர் திரும்பி 7 நாள், டாக்ஸிசைக்ளின் என்றால் 4 வாரம் தொடர வேண்டும். நிறையப் பேர் விமான நிலையத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கென்யா, எத்தியோப்பியாவில் தங்கிப் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை வேண்டும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்.

அவசர விமான மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

துடுப்பில்லாதவன்:

குளிரை யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஜூன், ஜூலை விடியற்காலை திறந்த ஜீப்பில் ஒற்றை இலக்க டிகிரி, அதோடு காற்று. கையுறை, மங்கி குல்லா, மூன்றடுக்கு உடுப்பு. மடியில் சுடுதண்ணீர்ப் பை வைத்துத் தருவார்கள், வெட்கப்படாமல் வாங்குங்கள். பத்து மணிக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம். அக்டோபர் நேர்மாறு, 40 டிகிரி தொடும். ஆனால் தண்ணீர் சுருங்கி மிருகங்கள் ஒரே இடத்தில் கூடுவதும் அப்போதுதான். காட்டுநாய்க் குட்டிகளைக் குழியருகே பார்க்க ஜூன் முதல் ஆகஸ்ட்.

வண்டி மூன்று வரிசை லேண்ட் குரூசர். ஆளுக்கொரு ஓர இருக்கை உண்டா என்று கேட்டு வாங்குங்கள். படம் எடுக்க முன்வரிசை, மிருகத்தின் கண்மட்டத்துக்குப் பக்கம். பின்வரிசையில் பார்வை உயரம், ஆனால் இடுப்பு போய்விடும். வெள்ளக்காலத்தில் ஓடை கடக்கும்போது தண்ணீர் கால்வைக்கிற இடம் வரை ஏறும். கைடு "காலைத் தூக்குங்க" என்று சொல்லுமுன் கேமரா பை மடிக்கு வந்திருக்க வேண்டும். காய்ந்த புல் வண்டியடியில் சைலன்சரில் சேர்ந்தால் தீப்பிடிக்கும், அதனால்தான் நடுவழியில் நிறுத்தி அடியில் புகுந்து பிடுங்குகிறார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

அந்திக்கு எங்கிருந்தோ வேகவைத்த உருளைக்கிழங்கு வாசனை வந்தால் முகாம் பக்கம் வந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம், அது ஒரு புதரின் வாசனை.

நாணல்காடு:

டிப்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வழக்கத்தில் சொல்லப்படும் கணக்கு, கைடுக்கு ஆளுக்கு நாளைக்கு 10 முதல் 20 டாலர், மற்ற ஊழியர்களுக்குப் பொதுப்பெட்டியில் தனியாக. டாலரும் செல்லும், புலாவும் செல்லும். புலா என்றால் அங்குள்ள செட்ஸ்வானா மொழியில் மழை, அந்த ஊரில் காசுக்கு வைக்கத் தகுந்த பேர்தான்.

புதுவரவு:

கடைசியாக ஒன்று. தவளைச் சத்தமும் நீர்யானைச் சத்தமும் தூங்க விடாதாமே, காதடைப்பான் கொண்டுபோகலாமா?

கோரைப்பாய்:

கொண்டுபோங்கள், ஆனால் ஒரு காதில் மட்டும் வையுங்கள். ஐந்தரைக்கு வாசலில் நின்று எழுப்புகிறவர் மேடையில் காபித்தட்டை வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். பதில் வராவிட்டால் தட்டுக்குக் குரங்கு வந்துவிடும்.